1941 செட்டிநாடு, இரண்டு சிநேகிதிகள்: இந்தக் கதையை எங்கே பிடிப்பது?

கேள்வியின் சாரம் இது. 1941-42இல் தேவகோட்டைப் பக்கம் நடக்கிற ஒரு நாவல். கதாநாயகி ஜெனிபர், பதினாலு வயசுக் கத்தோலிக்கப் பெண். சிநேகிதி உமையாள், பர்மாவில் தொழில் பண்ணும் செட்டியார் வீட்டுப் பெண். தனியாக இருக்கும்போது ஜெனிபர்மேல் உயிரையே விடுகிறாள். நாலு பேர் முன்னால் யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஜெனிபர் பொறுத்துப்போகிறாள், ஜெபிக்கிறாள், மன்னிக்கிறாள். கடைசியில் உமையாள் மனம் மாறி ஞானஸ்நானம் வாங்குகிறாள். இது நம்பும்படி இருக்குமா, சரித்திர விவரத்தில் எங்கெல்லாம் வழுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மற்றபடி கையில் இருப்பது நல்ல கதை. அந்த நட்பு ஏன் சிக்கலாக இருக்கிறது என்பதற்கு மட்டும் நீங்கள் இன்னும் காரணம் தேடவில்லை. உமையாளின் குணம் அப்படி என்று விட்டுவிட்டால் அது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நடக்கும் கதையாகிவிடும், செட்டிநாடு வெறும் படுதாவாகத் தொங்கும். காரணம் அந்த வீட்டுக்குள்ளும், அந்த வீட்டுக்கு உங்கள் பெண் பட்டிருக்கிற கடனிலும் இருக்கவேண்டும்.

முதலில் பெயர். ஜெனிபர் வேண்டாம். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் 1927 வாக்கில் பிறந்த பெண்ணுக்குச் சவரியம்மாள், ஆரோக்கியம், ஞானம், லூர்து என்று ஏதாவது வைத்திருப்பார்கள். நான் சவரி என்றே எழுதிக்கொண்டு போகிறேன். உமையாள் சரியான பெயர், மாற்றாதீர்கள்.

அடுத்தது எந்தச் சபை என்பது. "கிறிஸ்தவப் பெண்" என்று பொதுவாக எழுதினால் ஆள் பிடிபடமாட்டாள். திருப்பத்தூர்ப் பக்கம் கதையை வைத்தால் லுத்தரன் பெண்ணாக இருக்கலாம்; அங்கே சுவீடன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அவளுக்கு வேத வசனம் வாயில் நிற்கும், கீர்த்தனை பாடுவாள், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியிருப்பாள். தேவகோட்டை, சருகணி, ஓரியூர்ப் பக்கம் என்றால் சேசுசபைச் சாமியார்களின் மதுரை மிஷன் பூமி. அந்தக் கத்தோலிக்கப் பெண் வசனம் சொல்லமாட்டாள். வீட்டில் பைபிள் இருப்பதே அபூர்வம். ஜெபமாலை, ஞானோபதேசம், புனிதர்களின் சரித்திரம், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்ற பழைய மங்கள வார்த்தை, புரியாத லத்தீனில் ஒரு பூசை: இவ்வளவுதான் அவள் உலகம். உங்கள் மாதிரி அத்தியாயத்தில் அவள் கொரிந்தியர் நிருபத்தை அதிகாரம் எண்ணோடு சொல்கிறாள். அதை வாசித்த எந்த வயதான கத்தோலிக்கரும் புத்தகத்தை மூடிவிடுவார்.

இனி வீடு. இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்பக்கம் திண்ணையும் முகப்பும்: கணக்கு, வழக்கு, வந்தவர் போனவர் எல்லாம் ஆண்களின் இடம். உள்ளே தூண் வரிசையோடு வளவு என்ற முற்றம், அதைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அதற்கும் பின்னே இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு, பின்வாசல். பெண்களின் நாள் முழுக்க இந்தப் பின்பாதியில்தான் கழியும். ஆகவே சவரி பின்வாசலால் வருகிறாள் என்றால் அதை உடனே அவமானம் என்று எழுதிவிடக்கூடாது. சொந்தக்கார ஆச்சிமாரும் அவசரத்துக்கு அந்த வழியாகத்தான் வந்துபோவார்கள். அதேசமயம் வண்ணாத்தியும் கூலிக்காரியும் வந்து நிற்பதும் அதே வாசல். உறவுக்காரியாக வந்தாளா, வேலைக்காரியாக வந்தாளா என்பது அன்றைக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உமையாளின் அப்பத்தா மட்டும் இருந்தால் "வா புள்ள" என்று அடுப்படிப் படிவரை போகலாம். சம்பந்தி வீட்டார் வந்திருந்தால் கிணற்றடியோடு சரி. ஒரே வாசல், ஒரே பெண், நாளுக்கு நாள் வேறு அர்த்தம். நீங்கள் எழுத நினைக்கும் அந்த முகத்தைத் திருப்பும் காட்சி இங்கேயிருந்து தானாக வரும். உமையாள் கெட்டவளாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வளவில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது கிணற்றடியில் நிற்பவளைப் பார்த்துச் சிரித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சவரி எதுவரை போகலாம் என்பதை அவள் சாதியும் தீர்மானிக்கும். இதை மழுப்பாதீர்கள். வேதத்தில் சேர்ந்ததால் சாதி போய்விட்டது என்று கதை சொன்னால் ஊர் நம்பாது. கோயிலுக்குள்ளேயே அது இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் பூசை பார்க்கும் இடத்தையே சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். அந்தச் சுவரை இடித்தது 1910இல். உங்கள் பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியாரா, உபதேசியாரா, வயல் கூலியா என்று முடிவு பண்ணுங்கள். அதைப் பொறுத்து அவள் கால் படுகிற தூரம் மாறும். வாத்தியார் மகள் என்று வைத்துக்கொண்டால் அடுப்படிப் படிவரை வருவது நம்பும்படி இருக்கும். சவரிக்கும் கீழே ஒரு பெண் கோயிலில் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். உமையாள் தனக்குச் செய்வதைத் தான் அவளுக்குச் செய்கிறோம் என்று சவரி ஒரு தடவையாவது கவனிக்கவேண்டும். என்னைக் கேட்டால் இந்த நாவலின் கிறிஸ்தவம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இப்போது கடன். உமையாளின் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பண்ண, போயிருக்கிறார். ஏஜெண்டாகப் போகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. சவரியின் அண்ணனையும் ரங்கூனில் வையுங்கள், ஆனால் செட்டியார்கள் தங்கித் தொழில் பண்ணும் கிட்டங்கியில் சமையலுக்கு வேண்டாம், அங்கே அவனை அடுப்புப் பக்கமே விடமாட்டார்கள். துறைமுகத்தில் ஏதோ கம்பெனியில் குமாஸ்தா. அந்த வேலை செட்டியார் எழுதிக்கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தால் கிடைத்தது. மாதம் பிறந்தால் அண்ணன் அனுப்பும் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்படியானால் சவரி உமையாளைப் பொறுத்துப்போவது எதனால்? சேசுநாதர் மன்னிக்கச் சொன்னதாலா, உமையாளின் ஆத்தாவை, அதாவது அம்மாவை, பகைத்துக்கொண்டால் அண்ணன் வேலைக்கு ஆபத்து என்பதாலா? பதினாலு வயசுப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் குழம்பித்தான் இருக்கும். சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் பயத்தையே பொறுமை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதைப் பிரித்தறிவதற்குக் கதை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உமையாள் வீட்டிலும் எல்லாம் பளபளப்பு இல்லை. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைத் திருப்பித் தரமுடியாத பர்மியக் குடியானவர்களின் நிலம் செட்டியார்கள் பெயருக்கு வந்து சேர்ந்தது. முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் என்று கணக்கு. காகிதத்தில் பெரிய சொத்து, கையில் ரொக்கம் இல்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்துபோனதும் அந்தச் சொத்துக்கு வேறொரு சர்க்கார் முளைத்தது. தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீட்டுக்குள் உமையாளின் ஆத்தா வைரத்தை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணம் பேசியாகிறது. சாரதா சட்டப்படி பெண்ணுக்குப் பதினாலு முடிந்திருந்தால் போதும். கழுத்திரு என்ற தாலி பூட்டியானதும் உமையாள் வேறு ஊர், வேறு வளவு. பள்ளிக்கூடம் எப்போதோ நின்றுபோயிற்று. சவரியோ மதுரைக்குப் போய் வாத்தியார் டிரெயினிங் படிக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பொறாமை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மட்டும் போகவேண்டியதில்லை, பாருங்கள்.

உங்கள் கதையின் நடுக்கம்பம் 1941 டிசம்பர். நீங்கள் அதைச் சும்மா "கிறிஸ்துமஸ் வந்தது" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். அந்த மாதம் 3ஆம் தேதி பௌர்ணமி. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் தள்ளி, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், வீடுகளில் பிள்ளையார் நோன்பு. அந்த வருஷம் அது டிசம்பர் 23, 24ஐ ஒட்டி வரும். எந்தத் தேதி என்பதை விஷு வருஷப் பஞ்சாங்கத்தில் பார்த்து முடிவு பண்ணுங்கள். டிசம்பர் 23, ரங்கூன் மேல் ஜப்பான்காரன் முதல் குண்டு போட்ட நாள். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ். இப்படி ஒரு வாரத்தைக் காலம் கையில் கொடுத்திருக்கிறது, விடாதீர்கள்.

நோன்புக் காட்சி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றாக இருபத்தொரு நாள் எடுத்துச் சேர்த்த நூலைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்ந்த மாவில் வைத்துப் பிடித்திருப்பார்கள். இதற்கு இழை என்று பெயர். சாமி வீட்டில் ஆவாரம்பூ, பொரி வகைகள், பணியாரம் எல்லாம் பரப்பியிருக்கும். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் இழையை ஏற்றிக் கொடுப்பார். சுடர் எரிய எரிய அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகள் முதலில் பயப்படும், அப்புறம் இன்னொன்று கேட்கும். ரங்கூன் கிட்டங்கியிலும் அதே நேரம் அப்பச்சி இழை எடுத்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பில்தான் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நிற்பார்கள்.

இழை வீட்டாருக்குத்தான். சவரி இரண்டாங்கட்டில் நின்று எட்டிப் பார்ப்பவள். அன்றைக்குப் பார்த்து உமையாளுக்கு என்ன தோன்றியதோ, தன் பங்கு மாவிலிருந்து சுடர் அணைந்த ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க, சவரியிடம் நீட்டுகிறாள். வருஷக்கணக்காகச் சவரி ஏங்கியது இதற்குத்தான்: நாலு பேர் முன்னால் தன்னைச் சிநேகிதி என்று ஒப்புக்கொள்வது. இப்போது வாங்கினால் படையல் பண்டம்; மறுநாள் கிறிஸ்துமஸுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், நடுச்சாமப் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கவேண்டும். வாங்காவிட்டால் உமையாளுக்கு அத்தனை பேர் முன்னால் அவமானம். சவரி என்ன செய்கிறாள் என்பதை நான் சொல்லமாட்டேன், உங்கள் கதை. ஆனால் இரண்டில் எதைச் செய்தாலும் அவள் ஒருவரைக் காயப்படுத்தியாகவேண்டும். ஜெபித்தவுடன் மூன்றாவது வழி ஒன்று திறந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் சாமியாரிடமும் ஒரு கதை இருக்கிறது. இந்து வழக்கங்களில் எதைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற சண்டை, மதுரையில் தத்துவபோதகர் என்ற ராபர்ட் தெ நோபிலி காலத்தில் கிளம்பிய சண்டை. 1744இல் ரோமாபுரி பல வழக்கங்களைத் தடுத்துச் சட்டம் போட்டது. இங்கே வேலைக்கு வரும் சாமியார்கள் அதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டியிருந்தது. அந்தப் பிரமாணத்தை ரத்து செய்தது 1940இல். ஆக, உங்கள் கதை நடக்கும்போது வயதான பிரெஞ்சுச் சாமி அதைச் செய்தவர், புதிதாக வந்த உள்ளூர்ச் சாமி செய்யாதவர். ஒரே கோயிலில் இரண்டு பேர் இருந்தால் சவரி யாரிடம் போய் முழந்தாளிடுகிறாள் என்பதே ஒரு தீர்மானம் ஆகிவிடும். இதை வாசகருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கிழவர் கேட்கிற கேள்வியும் இளையவர் கேட்கிற கேள்வியும் வேறாக இருந்தால் போதும்.

ஓரியூரை நீங்கள் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அது உங்கள் கதைக்கு உயிர்நாடி. அருளானந்தர் என்ற சேசுசபைச் சாமியார் ஜான் தே பிரித்தோவை அங்கே தலைவெட்டிக் கொன்றது 1693 பிப்ரவரி 4. சிவந்த மண்ணை அவர் ரத்தம் என்று எடுத்துவந்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். சவரி அந்தக் கதை கேட்டு வளர்ந்தவள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கதையிலேயே ஊறிய பெண் என்ன செய்வாள்? உமையாள் முகத்தைத் திருப்பினால் உடனே தன்னை ஒரு குட்டி வேதசாட்சியாக நினைத்துக்கொள்வாள். அடிபடுவதில் அவளுக்கு ஒரு ரகசிய ருசி வந்திருக்கும். இந்த அகம்பாவம்தான் சவரியின் நிஜமான பாவம், நீங்கள் அவளுக்குப் பாவமே வைக்கவில்லை.

அதே கதையில் இன்னொரு பெண் இருக்கிறாள். மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கியபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதிக்கு உறவு. அவள் போய் முறையிட்டதில்தான் அருளானந்தர் மேல் கோபம் திரும்பியது என்பது வரலாறு. கோயிலில் இந்தக் கதை சொல்லும்போது கடலாயி கெட்டவள், அதோடு சரி. ஒரு நாள் உமையாள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அவ என்னடி பண்ணுவா? வீட்டவிட்டுப் போன்னா எங்க போவா?" என்று கேட்கட்டும். கல்யாணத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். சவரிக்குப் பதில் தெரியக்கூடாது. விசுவாசத்தை விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால் அன்றிரவு ஜெபமாலையில் அவள் கை ஒரு மணியில் நின்றுவிடலாம். ஒன்று கவனம்: 1941இல் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம்தான். புனிதர் பட்டம் 1947 ஜூனில். உரையாடலில் "புனித அருளானந்தர்" என்று வந்தால் தப்பு.

இப்படி இன்னும் சில கண்ணிகள் உண்டு. தேவகோட்டை தே பிரித்தோ பள்ளிக்கூடம் 1943இல் வந்தது, காரைக்குடி அழகப்பா கல்லூரி 1947இல். இரண்டும் உங்கள் கதைக்குள் வரக்கூடாது. ரயில் வரலாம், திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலேயே பாதை ஓடியது. நன்மை வாங்கும் நாளில் நடுச்சாமம் முதல் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்ற சட்டம் 1953வரை இருந்தது. ஞாயிறு காலையில் உமையாள் பணியாரம் கொடுத்துச் சவரி வேண்டாம் என்றால் அதற்கு இதுவே போதும், பெரிய சண்டை வேண்டாம். பேச்சில் சவரி உமையாளின் அம்மாவை ஆச்சி என்பாள். உமையாள் ஆத்தா, அப்பச்சி என்பாள். சாமியாரைச் சவரி "சாமி" என்பாள், "ஃபாதர்" என்று கூப்பிடமாட்டாள். 1942 ஆகஸ்டில் தேவகோட்டைக் கோர்ட்டைக் கொளுத்தியதும் துப்பாக்கிச் சூடும் நிஜம், ஆனால் இரண்டு பெண்களின் கதையில் அது தூரத்துப் புகையாக இருந்தால் போதும். எழுதும் ஆசையில் அதற்கு மூன்று அத்தியாயம் கொடுத்தால் நட்பு காணாமல் போகும்.

குண்டு விழுந்ததற்குப் பின்னால் வரும் மாதங்களுக்கு இடம் கொடுங்கள். 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்துவிட்டது. கப்பல் கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் ஏராளம். இரண்டு வீட்டிலும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். செட்டியாருக்குக் கப்பலில் இடம் பிடித்துத் தர ஆள் இருக்கும். குமாஸ்தா நடக்கத்தான் வேண்டும். அப்பச்சி பிப்ரவரியிலேயே வந்து சேர்ந்து, அண்ணனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதையோ மறைக்கிறார் என்பது உமையாளுக்குத் தெரிந்துவிடுகிறது. சொன்னால் அப்பச்சி குற்றவாளி, சொல்லாவிட்டால் சவரி இருட்டில். உமையாளின் சோதனை இதுதான், நோன்பு அன்றைக்குச் சவரிக்கு வந்ததைவிடப் பெரிது. அவள் தாமதமாகச் சொல்லட்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம், கிணற்றடியில், யாரும் இல்லாத நேரத்தில். மறுபடியும் தனியாகத்தான், பாருங்கள், நாலு பேர் முன்னால் அல்ல. அவளால் முடிந்தது அவ்வளவு.

இந்த இடத்தில் சவரி மன்னிக்கவேண்டும் என்றால் அது முதல் தடவையாகச் செலவு பிடிக்கிற மன்னிப்பாக இருக்கும். அண்ணனும் இல்லை, வேலையும் இல்லை, ஆகையால் அந்த வீட்டுக்குப் பயப்படவும் காரணம் இல்லை. கடன் தீர்ந்துவிட்டது. இனிமேல் பொறுத்தால் அது பொறுமைதான், கோபப்பட்டால் அது கோபம்தான். சவரி கோபப்பட்டாலும் எனக்குச் சம்மதம். மன்னிப்பதும் மறுபடி அந்தப் பின்வாசலில் போய் நிற்பதும் ஒன்றல்ல என்பதை இளைய சாமி பாவசங்கீர்த்தனத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஞானஸ்நானம் ஏன் வேண்டாம் என்றால், ஒன்று, அந்தக் காலத்து நகரத்தார் பெண் ஒருத்திக்கு அது நடப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். நகரத்தாரின் ஒன்பது கோயிலில் தன் கோயில் எது என்பதை வைத்துத்தான் அவளுக்குக் கோயில் கணக்கில் புள்ளியும் கல்யாணமும் உறவும். அதை விட்டு வெளியே வந்தால் நிற்க இடமில்லை. கடலாயிக்கு நேர்ந்ததேதான் இவளுக்கும். நீங்கள் அதை ஜெயம் என்று எழுதினால், கடலாயியைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு நாவலே காது கொடுக்கவில்லை என்றாகிவிடும். இன்னொன்று, சவரி இத்தனை நாள் பட்டதெல்லாம் ஒரு ஆத்துமத்தைப் பிடிக்கப் போட்ட தூண்டில் என்று ஆகும். உமையாளை உமையாளாகவே கல்யாணம் பண்ணிப் போகவிடுங்கள். அவள் சவரியை எல்லாரும் பார்க்கக் கையைப் பிடித்து முன்வாசல் வழியாக வளவுக்கு அழைத்துப் போகும் காட்சி ஒன்று உங்களுக்கு எழுதத் தோன்றும், எல்லாருக்கும் தோன்றும். அதையும் எழுதாதீர்கள்.

வேலைக்கு இறங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பார்க்க விடுகிற வீடு ஒன்றில் முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை நிதானமாக நடந்து, ஒவ்வொரு கட்டிலும் நின்று வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது, குரல் எதுவரை கேட்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் பேசுவது வளவுக்குக் கேட்குமா என்று தெரியாமல் அந்தக் கடைசிக் காட்சியை எழுதமுடியாது. அப்புறம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த நூல்கள் இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கின்றன. அங்கே போய் அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி, 1941 டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் விளம்பரம் உட்பட வாசியுங்கள். நோன்பு அத்தியாயத்தை அதற்குப் பிறகு முதலில் எழுதுங்கள், தொடக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.